மலை மூச்சு விட்ட வரலாறு

மனித குலத்தின் முன்னேற்றம் முழுவதும் ஓட்டை போடுவதில்தான் இருக்கிறது என்பது எங்கள் குகை ஆய்வுக் கழகத்தின் முடிந்த முடிவு. சக்கரம் செய்தவன் பெரிய மேதை என்கிறார்கள். இருக்கட்டும். அதன் நடுவில் ஓட்டை போட ஒருவன் வராவிட்டால் அது வெறும் வட்டப் பலகை. ஊசிக்குக் காது, பூட்டுக்குத் துவாரம், சட்டைக்குப் பொத்தான் துளை என்று எங்கள் தலைவர் அடுக்கத் தொடங்கினால், கேட்பவர்களுக்கு இத்தனை நாள் ஓட்டையின் அருமை தெரியாமல் வாழ்ந்துவிட்டோமே என்று வெட்கமாக இருக்கும்.

தலைவர் தொழிலால் பல் டாக்டர். உறவால் என் அத்தான், அக்காவின் கணவர். வாரத்தில் ஆறு நாள் ஊரார் வாயிலுள்ள குழிகளை அடைப்பார். ஏழாம் நாள் மலைக்குப் போய்க் குழி தோண்டுவார். "இயற்கையில ஒரு சமநிலை வேணும்" என்பார். நான் அவருடைய பல் மருத்துவமனையில் டோக்கன் கொடுப்பவன். அவர் வீட்டு மாடி அறையில் குடியிருப்பவன். அக்கா போடும் சாப்பாட்டைச் சாப்பிடுபவன். இந்தத் தகுதிகளின் அடிப்படையில் கழகத்தின் செயலாளராக "ஒருமனதாக" தேர்ந்தெடுக்கப்பட்டேன்.

மருத்துவமனை வீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. வீடு தெருவைப் பார்த்து நின்றாலும், நோயாளிகள் பக்கத்துச் சந்தில் நுழைந்து, சமையலறை ஜன்னலைத் தாண்டி, குப்பைத் தொட்டியைச் சுற்றிக்கொண்டு பின்வழியாகத்தான் வரவேண்டும். முன்கதவைத் திறந்தால் தூசி வருகிறது என்று அத்தான் பல வருடங்களுக்கு முன்பே தாழ் போட்டுவிட்டார். முன்பக்க ஜன்னல்களுக்கும் கனமான திரை. ஞாயிறுதோறும் மூக்கிலும் காதிலும் மண்ணோடு வீடு திரும்பும் ஒருவருக்குத் தூசி ஒத்துக்கொள்ளாதா என்று சிலர் கேட்கலாம். பெரியவர்களின் ஒவ்வாமையை நாம் ஆராயக் கூடாது.

ஊருக்கு வெளியே ஒரு சுண்ணாம்புக்கல் மலை. அதன் வயிற்றில் குகைகள். வௌவால்களும் ஆட்டு மந்தைக்காரர்களும் ரொம்ப காலமாக அறிந்திருந்த அந்தக் குகைகளை முதன்முதலில் "கண்டுபிடித்தது" எங்கள் கழகம். அந்த நாளில் கழகம் ஒன்றுதான். அத்தான் தலைவர், என் அண்ணன் துணைத் தலைவர். அண்ணன் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவர். ஊரில் பாதிப் பேருக்கு ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொடுத்தவர், தனக்கு மட்டும் பின்வாங்கத் தெரியாதவர். அத்தானும் அவரும் நகமும் சதையும் போல இருந்தார்கள். ஒரே கடப்பாரையை மாற்றி மாற்றிப் பிடித்துத் தோண்டுவார்கள், ஒரே பிளாஸ்க்கில் காப்பி குடிப்பார்கள்.

இந்த ஒற்றுமையைக் குலைத்தது ஒரு கண்டுபிடிப்பு. கண்டுபிடிப்புகளின் வழக்கமே அதுதானே.

குகை ஆராய்கிறவர்களிடையே புனிதமான ஒரு விதி உண்டு. புதிய பாதையில் முதலில் நுழைபவர் எவரோ, அதற்குப் பெயர் வைக்கும் உரிமை அவருக்கே. ஒரு நாள் கல்லைப் புரட்டியபோது கீழே ஒரு பொந்து தெரிந்தது. அத்தான் ஒரு பக்கத்திலிருந்து தலையை விட்டார். அதே நொடியில் அண்ணன் மறுபக்கத்திலிருந்து காலை விட்டார். உள்ளே ஓர் அறை இருந்தது. குளியலறை அளவுகூட இல்லை. இரண்டு பேர் நின்றால் ஒருவர் மற்றவரின் மேல் நிற்க வேண்டியிருக்கும். ஆனாலும் அது மனிதக் கண் படாத அறை.

"தலை போனாத்தான் ஆள் போனதா அர்த்தம்" என்றார் அத்தான். "கண்டுபிடிக்கிறதுக்குக் கண்ணு வேணும். கண்ணு கால்ல இல்ல."

"அப்போ என் கால் யாரோடது?" என்றார் அண்ணன். "வாடகைக்கு எடுத்ததா?"

பொதுக்குழு கூடியது. விதியில் "நுழைபவர்" என்று இருந்ததே தவிர, எந்த உறுப்பால் நுழைய வேண்டும் என்று இல்லை. விவாதம் நான்கு கூட்டங்கள் நடந்தது. நான்காவதில் அத்தான் அண்ணனை "காலால யோசிக்கிறவன்" என்றார். அண்ணன் அத்தானை "தலைக்கனம் பிடிச்சவர்" என்றார். அண்ணன் எழுந்து போனார், பாதி உறுப்பினர்களும் அவரோடு போனார்கள். மலையின் மேற்குப் பக்கம் போய் "குகை ஆய்வுக் கழகம் (அசல்)" என்று தகரப் பலகை மாட்டினார்கள். ஊர்க்காரர்களுக்கு இந்த நீளமான பெயர்கள் வாயில் நுழையவில்லை. எங்களைத் தலைக் கட்சி என்றும் அவர்களைக் கால் கட்சி என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அன்றிலிருந்து அத்தானுக்கும் அண்ணனுக்கும் பேச்சு இல்லை. ஏழெட்டு வருடமாக ஒரு வார்த்தைகூட இல்லை. எங்கள் கழகமும் சும்மா இருக்கவில்லை. மேற்குப் பக்க அமைப்பின் பெயரையோ, அதன் இருப்பையோ எந்த உறுப்பினரும் கூட்டங்களில் குறிப்பிடக் கூடாது என்று சட்டத் திருத்தம் கொண்டுவந்தோம். தவிர்க்க முடியாத இடங்களில் "இருப்பதாகக் கருதப்படும் ஓர் அமைப்பு" என்று மட்டும் சொல்லலாம். அவர்களும் எங்களைப் பற்றி இதே போன்ற தீர்மானம் போட்டார்கள் என்று கேள்வி. இந்த ஒரு விஷயத்தில் இரு கழகங்களுக்கும் பூரண கருத்தொற்றுமை இருந்தது.

இந்த அறிவியல் வளர்ச்சியைப் பாராட்டத் தெரியாதவள் ஒருத்தி இருந்தாள். அக்காவின் மகள். அவளுக்குப் பதிவுத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. பையன் தங்கமானவன். அவள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்.

"சாட்சிக் கையெழுத்து ரெண்டு வேணும். ஒண்ணு அப்பா, இன்னொண்ணு மாமா. ரெண்டு பேரும் ஒரே பெஞ்சில பக்கத்துல பக்கத்துல உட்காரணும். இல்லேன்னா எனக்குக் கல்யாணமே வேண்டாம்."

"மாமாதானே, நான் இருக்கேனே" என்றேன்.

"நீ சின்ன மாமா. நீ யாரோட சண்டை போட்டே, உன்னை சமாதானம் பண்ண?"

என் சமாதான குணம் இப்படி எனக்கே எதிராகத் திரும்பியது. அத்தானிடம் கேட்டால், "அவன் முதல்ல வந்து பேசட்டும். நான் என்ன கடிச்சா விடுவேன்?" என்பார். அண்ணனிடம் கேட்டால், "அவர் மூத்தவர். அவர்தானே கூப்பிடணும்?" என்பார். பதிவு அலுவலகத்தில் நாள் குறித்து இரண்டு முறை ரத்தாகிவிட்டது. பையன் இரண்டு முறை விடுப்பு எடுத்து, இரண்டு முறை மேலதிகாரியிடம் போய் "இல்ல சார், இன்னும் ஆகல" என்று வழிந்திருக்கிறான். மூன்றாவது நாளும் குறித்தாயிற்று. அதுவும் போனால் அவன் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போவான், அப்புறம் எப்போதோ. அக்கா இரவில் பாத்திரம் கழுவும்போது மூக்கை உறிஞ்சுவது எனக்கு மாடியில் கேட்கும். ஆனால் இது குடும்ப விவகாரம். கழகத்தின் கவனமோ அந்தச் சமயத்தில் மகத்தான ஒன்றின்மேல் இருந்தது.

அதாவது, மலை மூச்சு விடத் தொடங்கியிருந்தது.

குகை தோண்டுகிறவனுக்குக் காற்றுதான் வழிகாட்டி. கல்லும் மண்ணும் அடைத்துக் கிடக்கிற இடத்தில் ஒரு மெழுகுவர்த்தியைப் பிடித்தால், சுடர் ஆடாமல் நின்றால் அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. சுடர் சாய்ந்தால் அடைப்புக்குப் பின்னால் வெற்றிடம் இருக்கிறது. நிறையச் சாய்ந்தால் பெரிய வெற்றிடம். எங்கள் சுரங்கப் பாதையின் கோடியில் மூச்சு முட்டும் என்பதால், ஒரு புளோயர் வைத்து, நீளமான துணிக் குழாய் வழியாக வெளிக்காற்றை உள்ளே ஊதிக்கொண்டிருப்போம். ஞாயிறு காலை பத்து மணிக்குச் சோதனை. புளோயரை நிறுத்துவோம். அத்தான் மெழுகுவர்த்தியோடு ஊர்ந்து போவார். பற்களைப் பார்க்கிற சின்னக் கண்ணாடியைக் கல்லிடுக்கில் விட்டு, பழக்க தோஷத்தில் "கொஞ்சம் அகலமா..." என்று மலையிடம் சொல்வார்.

ஒரு ஞாயிறு சுடர் படுத்தே விட்டது.

"காத்து!" என்று அத்தான் கத்தினார். "முகத்துல அடிக்குதுடா காத்து!"

புளோயரை மறுபடி போட்டோம். காற்று நின்றது. நிறுத்தினோம். வந்தது. நாம் ஊதும்போது அடங்கி, நாம் நிறுத்தும்போது ஊதுகிற மலை! எங்கள் கழகத்தின் தத்துவப் பிரிவுத் தலைவர் ஒரு கணக்கு வாத்தியார். ஓய்வு பெற்ற பிறகு கணக்கின் தொந்தரவு இல்லாமல் சிந்திப்பவர். அவர் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: "இது உயிருள்ள மலை. நாம பேசினா கேக்குது. நாம நிறுத்தினா பேசுது. நம்ம வீட்ல இப்படி ஒருத்தராவது உண்டா?"

யாரும் மறுக்கவில்லை.

காற்றோடு ஓர் ஒலியும் வந்தது. "ம்ம்ம்ம்" என்று ஒரே சுருதியில். பாதாள நதி என்று வாத்தியார் தீர்மானித்தார். ஒரு வாசனையும் வந்தது. எல்லோரும் மூக்கை நீட்டி முகர்ந்து பார்த்தோம். சந்தேகமே இல்லை, கிராம்பு. அத்தானுக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. கிராம்பு எண்ணெயிலேயே இத்தனை வருடம் வேலை பார்த்தவருக்கு அந்த வாசனை சாதாரணக் காற்று. கழகம் ஆழ்ந்து யோசித்து, பாறைக்கடியில் ஆதிகாலத்துக் கிராம்புக் காடு ஒன்று புதைந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தது.

ஒரே ஒருவர் மட்டும் குறுக்கே பேசினார். அவர் காப்பீட்டு முகவர். பாறைக்கடியில் படுக்கிறவர்கள் எளிதாகப் பாலிசி எடுப்பார்கள் என்ற நம்பிக்கையில் கழகத்தில் சேர்ந்து, பெரும்பாலும் கூட்டங்களில் தூங்குபவர். அன்று ஏனோ விழித்திருந்தார்.

"தலைவரே, ஒரு சின்ன சந்தேகம். மலைக்கு அந்தப் பக்கத்துல உங்க மச்சானும் ஒரு புளோயர்..."

செயலாளர் என்ற முறையில் நான் கூட்ட மணியை அடித்தேன். சட்டம் என்றால் சட்டம்.

"இருப்பதாகக் கருதப்படும் அமைப்பு" என்று வாத்தியார் திருத்தினார்.

"சரி, இருக்கறதா கருதப்படற அமைப்பு, ஒரு புளோயர் வெச்சிருந்தா..."

"அந்த அமைப்பை நாம அங்கீகரிச்சிருக்கோமா?"

"இல்ல."

"அங்கீகரிக்காத ஒருத்தன் எப்படிங்க காத்து ஊதுவான்?" என்றார் வாத்தியார்.

தர்க்கம் அசைக்க முடியாததாக இருந்தது. முகவர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். நாங்கள் உற்சாகமாகத் தோண்டினோம். வாளி வாளியாக மண் வெளியே போனது. அத்தான் வீட்டில் மலை பற்றி மட்டுமே பேசினார். "என்னங்க, பதிவு ஆபீஸ் விஷயம்..." என்று அக்கா ஆரம்பித்தால், "மூச்சு விடுது, தெரியுமா? குழந்தை மாதிரி" என்பார். மகளைப் பற்றிக் கேட்கும்போது மலையைப் பற்றிப் பதில் சொல்கிற தகப்பன் ஊரில் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

அப்புறம்தான் அந்தத் துக்க ஞாயிறு வந்தது.

காலையில் ஒரு நோயாளி, கொட்டை கடித்துப் பல் உடைந்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சந்து வழியாக வந்துவிட்டார். அவரைக் கவனித்துவிட்டுப் போவதற்குள் பத்து மணி தாண்டி, பதினொன்றும் ஆகிவிட்டது. புளோயரை நிறுத்தினோம். மெழுகுவர்த்தியை ஏற்றினோம். சுடர் ஆடாமல், அசையாமல், ராணுவ வீரன் மாதிரி நின்றது. "ம்ம்ம்" என்ற ஒலியும் இல்லை. கிராம்பும் இல்லை.

"போச்சு" என்றார் அத்தான்.

வாத்தியார் தொப்பியைக் கழற்றினார். ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்து அங்கேயே இரண்டு நிமிடம் மௌனம் அனுசரித்தோம். மலை தன் கடைசி மூச்சை விட்டுவிட்டபடியால் பணியைக் கைவிடுவது என்று தீர்மானமும் நிறைவேறியது. அத்தான் அன்று சாப்பிடவில்லை. திரை போட்ட ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் திங்கள். அக்கா தபால் நிலையக் கவுன்ட்டரில் வேலை பார்க்கிறாள். அண்ணனின் மனைவி, அதாவது என் அண்ணி, திங்கள்தோறும் அங்கே வந்து ஒரே ஒரு தபால் தலை வாங்குவாள். இத்தனை வருடத்தில் அவள் யாருக்கும் ஒரு கடிதம் எழுதியதாகத் தகவல் இல்லை. அந்த ஒரு தபால் தலையைக் கிழித்துக் கொடுக்க அக்காவுக்கு அரைமணி நேரம் ஆகும். அதற்குள் இரு வீட்டுச் செய்தியும் கைமாறிவிடும். கணவன்மார் பேசாத வீடுகளில் தபால் துறைக்கு எவ்வளவு வருமானம் என்று யாராவது ஆராயலாம்.

அன்று மாலை அக்கா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். முகம் சிவந்திருந்தது. அழுதிருக்கிறாளோ என்று பார்த்தேன். இல்லை, சிரிப்பை அடக்கியிருக்கிறாள்.

"ஏன்டா, உங்க மலை நேத்து எத்தனை மணிக்குச் செத்துது?"

"பதினொண்ணு இருக்கும்."

"அவங்க மலையும் பதினொண்ணுக்குத்தான் செத்துதாம்."

"எவங்க மலை?"

"உங்க அண்ணன் மலை. அவன் ஞாயித்துக்கிழமைல பதினொரு மணிக்குத்தான் புளோயரை நிறுத்திட்டு மெழுகுவர்த்தி பிடிப்பானாம். ரெண்டு மாசமா மலை ஊதுது, ஆஸ்பத்திரி மாதிரி ஸ்பிரிட் வாசனை வருதுன்னு தலைகால் புரியாம ஆடிட்டிருந்தானாம். பாறைக்குள்ள பழங்காலத்து வைத்தியசாலை இருக்குன்னு முடிவு பண்ணியிருக்காங்களாம். நேத்து காத்து வரலைன்னு சோறு இறங்கலையாம் அவனுக்கும்." அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "இதுல இன்னொண்ணு. அவனுக்கு ஒண்ணரை வருஷமா கடைவாய்ப் பல் வலி. ஊர்ல ஒரே பல் டாக்டர் யாரு? அங்க போகமாட்டானாம். கிராம்பு எண்ணெயை அப்பிக்கிட்டுத் திரியறானாம்."

எனக்கு ஒரு கணம் எதுவும் புரியவில்லை. பிறகு எல்லாம் ஒரேயடியாகப் புரிந்தது. பாதாள நதியும், கிராம்புக் காடும், குழந்தை மாதிரி மூச்சு விட்ட மலையும் என் அண்ணன் என்று புரிந்தது. நேற்று பதினொரு மணிக்கு இருவரும் ஒரே நேரத்தில் புளோயரை நிறுத்தியிருக்கிறார்கள், ஊத ஆளில்லை.

"உடனே அத்தான்கிட்ட சொல்லிடறேன்" என்றேன்.

"சொன்னே, காலை ஒடிச்சிடுவேன்." அக்கா கரண்டியைக் காட்டினாள். "ரெண்டு பேரையும் நேருக்கு நேர் கொண்டுவர நானும் அவளும் எவ்வளவோ செஞ்சு பார்த்துட்டோம். கெஞ்சினோம், அழுதோம், சாப்பாடு போடாம இருந்தோம். நகரல. இப்போ ரெண்டும் தானா ஒண்ணை ஒண்ணு பார்த்து ஊர்ந்து வருது. கெடுத்துடாதே. தோண்டட்டும்."

மேலும், கழகச் சட்டப்படி அண்ணனின் பெயரையே நான் எந்தக் கூட்டத்திலும் எடுக்க முடியாது. சட்டத்துக்குக் கட்டுப்பட்டவனாகிய நான் வாயை மூடிக்கொண்டேன்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அக்கா பரிவோடு சொன்னாள்: "மலைன்னா ஒரு நாள் களைச்சுப் போகாதா? அடுத்த வாரம் சரியா பத்து மணிக்குப் பாருங்க. அதுக்கும் நேரம் காலம் உண்டில்ல?"

அத்தான் அவளை நிமிர்ந்து பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் முதன்முறையாக அறிவியல் பேசுகிறாள். அவர் கண் கலங்கியது.

அடுத்த ஞாயிறு பத்து மணிக்குச் சுடர் படுத்தது. மலை உயிர்த்தெழுந்தது. அதன் பிறகு நாங்கள் தோண்டிய வேகத்தை எலிகள் பார்த்திருந்தால் வெட்கப்பட்டிருக்கும். அண்ணன் பக்கமும் வேகம் குறையவில்லை என்று தபால் தலை வழியாகச் செய்தி வந்துகொண்டிருந்தது. அக்காவும் அண்ணியும் ஆளுக்கொரு பக்கம் பிளாஸ்க்கில் காப்பி நிரப்பி அனுப்பினார்கள். பதிவு அலுவலக நாளுக்கு இன்னும் ஒரு வாரமே இருந்தது. மகள் தினமும் அம்மாவிடம், "எவ்வளவு தூரம்மா இருக்கு?" என்று கேட்பாள். கல்யாணத்துக்கு எவ்வளவு நாள் இருக்கிறது என்று எண்ணுகிற பெண்களைப் பார்த்திருக்கிறோம். எவ்வளவு பாறை இருக்கிறது என்று எண்ணியவள் இவள் ஒருத்திதான்.

அந்தச் சரித்திரப் புகழ்பெற்ற ஞாயிறும் வந்தது. அத்தான் முன்னால் ஊர்ந்து போனார். அவர் கால்களுக்குப் பின்னால் நான். எனக்குப் பின்னால் வாத்தியாரும் முகவரும் வாளியோடு. அத்தான் கடப்பாரையால் ஒரு கல்லை நெம்பினார். கல் தானாக விலகியது. அதாவது, அந்தப் பக்கத்திலிருந்தும் யாரோ இழுத்தார்கள். அதைக் கவனிக்கிற நிலையில் அவர் இல்லை.

"திறந்துடுச்சு!" என்றார். "உள்ள வெளிச்சம் தெரியுது! பளபளன்னு... ஸ்படிகம்! ஸ்படிக மண்டபம்டா!"

அது அண்ணனின் தலைக்கவச விளக்கு.

விதி நினைவிருக்கிறதல்லவா? முதலில் நுழைபவருக்கே பெயர் வைக்கும் உரிமை. பழைய தகராறிலிருந்து பாடம் கற்றிருந்த அத்தான் இந்த முறை ஒரு கையையும் தலையையும் சேர்த்தே உள்ளே விட்டார். அண்ணனும் பாடம் கற்றிருந்தார். இந்த முறை காலை நம்பவில்லை, அவரும் கையோடு தலையையே விட்டார். பூசணிக்காய் அளவு ஓட்டையில் இரண்டு தலைகள், இரண்டு தலைக்கவசங்கள், இரண்டு விளக்குகள். டக் என்று ஒரு சத்தம். விளக்குகளின் கொக்கிகள் ஒன்றில் ஒன்று மாட்டிக்கொண்டன.

முன்னால் போக முடியவில்லை. பின்னால் வரவும் முடியவில்லை. மூக்கும் மூக்கும் தொட்டுக்கொண்டிருந்தன.



"செயலாளரே" என்று கடைசியில் அத்தானின் குரல் கேட்டது. "எதிர்ல இருக்கறதா கருதப்படற நபர்கிட்ட, தலையைப் பின்னால இழுத்துக்கச் சொல்லுங்க."

நான் அத்தானின் செருப்புக்கிடையிலிருந்து உரக்கச் சொன்னேன். அந்தப் பக்கத்திலிருந்து அண்ணியின் குரல் வந்தது. அவர்கள் கழகத்தில் அவள்தான் பொருளாளர்.

"அவர் இழுக்க மாட்டாராம்! இது அவங்க மண்டபமாம்!"

"மண்டபமா? இது என் மூஞ்சின்னு சொல்லுங்க!"

"அதைக் கண்டுபிடிச்சது அவர்தானாம்! பேர் வெக்கப் போறாராம்!"

அத்தான் கோபத்தில் ஓர் உலுக்கு உலுக்கினார். தலைக்கவசம் அண்ணனின் தாடையில் இடித்தது. "ஆ!" என்று ஓர் அலறல்.

அந்த அலறலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். சண்டைக்காரனின் அலறலை அத்தான் பொருட்படுத்த மாட்டார், ஆனால் பல் வலியின் அலறல் அவருக்கு நன்றாகத் தெரியும்.

"எங்க வலிக்குது?" என்றார்.

ஏழெட்டு வருடத்தில் அவர் அண்ணனிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தைகள் அவைதான். கேட்டது கழகத் தலைவர் இல்லை, பல் டாக்டர்.



"வாயைத் திற."

அண்ணன் பாதிதான் திறந்தார் போலிருக்கிறது.

"கொஞ்சம் அகலமா."

அவருடைய தலைக்கவச விளக்கு சரியான கோணத்தில்தான் இருந்தது. நீட்டிய கையில் அந்தச் சின்னக் கண்ணாடியும் இருந்தது.

"அடப்பாவி. வேர் வரைக்கும் போயிருக்கே. எப்படிடா தாங்கினே? ஏன் வரல எங்கிட்ட?"

"எப்படி வர்றது, அத்தான்?" என்றது அண்ணனின் குரல். வாயில் கண்ணாடி இருந்ததால் குழறியதா, வேறு எதனாலாவதா என்று எனக்குத் தெரியாது. "கதவைத்தான் சாத்திட்டீங்களே."

அந்த இருட்டில் குப்புறப் படுத்தபடி நான் அழுதேன். மண் விழுந்ததால் என்று கழகக் குறிப்பில் எழுதினேன். அண்ணன் மூக்கை உறிஞ்சியது கேட்டது. அத்தானும் உறிஞ்சினார். இருவருக்கும் நடுவில் இடமில்லாததால் யாருடைய கண்ணீர் யார் கன்னத்தில் விழுந்தது என்று அறுதியிட்டுச் சொல்வதற்கில்லை.

இனி விடுபடுவது எப்படி? தாடைக்கடியில் இருக்கிற தலைக்கவசப் பட்டையைக் கழற்றத்தான் வேண்டும். அவரவர் தாடைக்கு அவரவர் கை எட்டவில்லை. நீட்டிய கைக்கு எட்டியது எதிராளியின் தாடைதான். "என் பட்டையை நீங்க கழட்டுங்க, அத்தான். உங்களுதை நான் கழட்டறேன்" என்றார் அண்ணன். கழற்றினார்கள். தலைகள் வெளியே வந்தன. தலைக்கவசங்கள் மட்டும் கொக்கி போட்டபடி அந்த ஓட்டையிலேயே இன்றும் இருக்கின்றன. பார்வையாளர்களுக்குக் காட்டுகிறோம்.

மறுநாள் காலை அண்ணன் பல் பிடுங்க வந்தார். எல்லோரையும் போலச் சந்தில் நுழைந்து, சமையலறை ஜன்னலைத் தாண்டி, குப்பைத் தொட்டியைச் சுற்றிக்கொண்டு வந்தார். நான் முதல் டோக்கனைக் கொடுத்தேன். பல் வந்தது. அத்தான் வாய் நிறையப் பஞ்சை வைத்து, "அரைமணி நேரம் பேசக் கூடாது" என்றார். அதற்காகவே காத்திருந்தவள்போல மகள் உள்ளே வந்தாள்.

"மாமா, வர்ற வியாழக்கிழமை பதிவு ஆபீஸ். நீங்களும் அப்பாவும் ஒரே பெஞ்சில. சம்மதம்தானே? சம்மதம் இல்லேன்னா இப்பவே சொல்லுங்க."

அண்ணன் வாயில் பஞ்சு இருந்தது. ஆகவே ஆட்சேபணை எதுவும் எழவில்லை. தலையை மட்டும் வேகமாக ஆட்டினார். அவள் அவர் தோளில் சாய்ந்து, அப்பாவின் கையையும் இழுத்துப் பிடித்துக்கொண்டாள். பையனுக்கு உடனே தகவல் போனது. இந்த முறை விடுப்பைத் தைரியமாகக் கேட்கச் சொன்னோம்.

அரைமணி நேரம் முடிந்து பஞ்சு வெளியே வந்ததும் அண்ணன் முதலில் பேசியது: "அந்தப் பாதைக்கு என்ன பேர் வெக்கலாம், அத்தான்?"

"நான்தானே முதல்ல தலையை விட்டேன்" என்றார் அத்தான்.

"சேர்ந்துதான் விட்டோம்."

"என் மூக்கு கொஞ்சம் முன்னால இருந்துது."

"உங்க மூக்கு எப்பவுமே முன்னாலதான் இருக்கும்!"

நான் மணியைத் தேடினேன். அதற்குள், அன்று தபால் நிலையத்துக்கு விடுப்பு சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்த அக்கா எழுந்தாள். எங்கள் யாரையும் பார்க்காமல் முன்பக்கம் போனாள். திரையை ஒரே இழுப்பில் விலக்கினாள். முன்கதவின் தாழ் துருப்பிடித்து இறுகியிருந்தது. எங்கள் கழகத்தின் சின்னக் கடப்பாரையை எடுத்து அதில் ஒரு போடு போட்டாள். தாழ் கழன்றது. கதவு கிறீச்சென்று திறந்தது.

வெளியே தெரு. ஒரு கார் போகிற அகலத்தைவிடக் கொஞ்சம் பெரிய தெரு. அதன் மறுபக்கம், நேர் எதிரே, ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் பலகை. அதன் கீழே அண்ணனின் வீட்டு வாசலில், இடுப்பில் கை வைத்துக்கொண்டு அண்ணி நின்றிருந்தாள்.

அத்தான் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தெருவைப் பார்த்தார். இருவரும் மலையைக் குடைந்த கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றார்கள்.

"முதல்ல நுழையறவங்கதானே பேர் வெக்கணும்?" என்றாள் அக்கா. நிலைப்படியைத் தாண்டி, தெருவில் இறங்கி, திரும்பி நின்றாள். "நான் நுழைஞ்சாச்சு. இதுக்குப் பேரு வாசல். இத்தனை வருஷமா இங்கேயேதான் இருந்துது. கண்டுபிடிக்கத்தான் இந்த வீட்ல ஆம்பளைங்க யாரும் இல்ல."